விழுங்காத மீன்

1

போன புதன்கிழமை ஒரு சிறைக் காவலருக்கு முன்னால் வாயை ஆவென்று திறந்து காட்டிவிட்டு வந்தேன். அவர் காட்டச் சொல்லவில்லை. நானாகத்தான் காட்டினேன்.

நான் இருப்பது நோர்வேயின் வடக்கே, மீன் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் ஒரு சின்னப் பட்டினத்தில். மன்னார்ப் பக்கத்து விடத்தல்தீவில் பிறந்து, மீனை விட்டு ஓடுகிறேன் என்று இத்தனை தூரம் வந்து, இங்கேயும் மீன் வெட்டித்தான் சீவியம். எங்கள் மாதா கோவிலில் ஒரு சிறு குழு இருக்கிறது. பார்க்க வர ஆளில்லாத கைதிகளை நாங்கள் போய்ப் பார்த்துக் கதைத்துவிட்டு வருவோம். எனக்கு வாய்த்தவர் ஒரு எரித்திரியாக்காரர். முன்பு என்னோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர். என்ன குற்றம் செய்தார் என்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறதே. அவருடைய நோர்வேஜிய மொழியும் என்னுடையதும் நொண்டிக்கு நொண்டி தோள் கொடுத்தது போல நடக்கும்.

சந்திக்கிற அறையைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். சோபா, பூப்போட்ட ஜன்னல் சீலை, குழந்தைகள் வந்தால் விளையாட ஒரு பெட்டி நிறையச் சாமான். அன்றைக்குச் சமையலறையில் வேலை செய்யும் கைதி ஒருவர் வாபிள் சுட்டிருந்தார். நம்முடைய தோசையை இதய வடிவில் சுட்டு ஜாம் பூசினால் எப்படி இருக்கும், அது. காவலர் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் எரித்திரியாக்காரருக்குக் கொடுக்க முன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன், மென்றேன், விழுங்கினேன், காவலரை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினேன்.

"பல்வலியா?" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார். "எங்கள் பல் வைத்தியர் நாளைக்கு வருவார். உங்களைப் பார்க்க முடியுமா என்று வேண்டுமானால் கேட்கிறேன்."

எரித்திரியாக்காரர் சிரித்தார். நானும் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து மகள் செறீனிடம் வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டு மேசையைத் துடைக்கப் போனேன். நான் தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லுகிற பிள்ளை அவள். அன்றைக்கு மட்டும் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொல்லுங்கோ அம்மா" என்று தமிழில் சொன்னாள். இது என் அம்மாவின் ஆண்டு நினைவுத் திருப்பலி வருகிற வாரம். அவளுக்குச் சொன்னதைத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கும் எழுதுகிறேன்.

2

என் தம்பி யூட் மோட்டர் திருத்துகிறவன். படகு மோட்டர். ஆர் கொண்டுவந்தாலும் திருத்துவான். வன்னிக்குள் இயக்கம் கொண்டுவந்தபோது, மாட்டேன் என்று சொல்லிவிட்டு உயிரோடு இருக்கிற வழி அங்கே இல்லை. சண்டை முடிந்து சனம் வெளியே வந்த இடத்தில், இயக்கத்துக்கு ஒரு நாள் வேலை செய்தவர்களும் பெயர் கொடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்த மடையன், போய்ப் பெயர் கொடுத்தான். அம்மா செட்டிகுளம் முகாமுக்குப் போனா. அவன் வேறு பஸ்ஸில் போனான்.

அம்மா மீளக்குடியேறி விடத்தல்தீவுக்கு வந்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் இருந்தது. தகரக் கொட்டில் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. அத்திவாரம் போட்டதும் போடாததுமாக, சுவர் எழும்ப முதலே, அம்மா மேசனைப் பிடித்து வாசல்படியைக் கட்டுவித்தா. "வீடில்லாமல் என்னண்டு ஆச்சி படி?" என்று மேசன் கேட்டானாம். அம்மாவுக்குப் படிதான் முதல் தேவை. அவ மடு மாதாவிடம் வைத்திருந்த நேர்த்தி அது: "என்ர பிள்ளை வீட்டுப்படி மிதிக்குமட்டும் மீன் என்ர தொண்டைக்குள்ள இறங்காது."

நெல்லுக்கார ஊரில் ஒருத்தி இப்படி நேர்ந்தால் அது ஒரு விரதம். எங்கள் ஊரில் மீனைத் தவிர்த்தால் சாப்பாட்டில் மிச்சம் இருப்பது சோறும் உப்பும்தான். அம்மா மீன் வாங்கினா, வெட்டினா, கருவாடு போட்டா, சின்னம்மா வீட்டுக்குச் சமைத்தும் கொடுத்தா. உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கவில்லை. கண்ணளவில் உப்புப் போடப் பழகினா.

யூட்டை அதற்குள் தடுப்பு முகாமிலிருந்து தெற்கில் ஒரு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கு தவணைக்கு மேல் தவணை. மன்னாரில் பஸ் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனால், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவனைப் பத்து நிமிஷம் பார்க்கலாம். முதல் சந்திப்பில் அவன் கேட்டது ஒன்றுதான். "அம்மா, விளைமீன் கொண்டுவாங்கோவன்."

3

சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோன வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த ஒரு வழக்கம் இருக்கிறது. கொண்டுபோகிறவர் ஒவ்வொரு கறியிலும் ஒரு வாய் காவலருக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சாப்பிட்டு, விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். நஞ்சு கிஞ்சு வைத்திருப்பார்களோ என்ற பயம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே இருப்பவனுக்கு ஒன்று நடந்தால் காவலர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா விளைமீனைப் பொரித்து, குழம்பும் வைத்து, வாழையிலையில் சுற்றிக் கொண்டுபோனா. மேசையில் இருந்த காவலர் பார்சலைப் பிரித்து, "கண்ட, கண்ட" என்று சிங்களத்தில் சாப்பிடச் சொன்னார். அம்மா மாட்டேன் என்று தலையாட்டினா. தன் பிள்ளைக்குக் கொண்டுவந்த சாப்பாட்டைத் தானே தின்ன மறுக்கிற தாயைப் பார்த்தால் எந்தக் காவலருக்குத்தான் சந்தேகம் வராது? பார்சல் குப்பைக்குப் போனது. அன்று சந்திப்பும் இல்லை. இரண்டு பஸ் பிடித்துத் திரும்பி வந்தா.

பங்குச் சுவாமியாரிடம் போய்க் கேட்டா. நல்ல மனுஷன் அவர். "அம்மா, பிள்ளைக்காக ஒரு வாய் சாப்பிட்டால் நேர்த்தி முறியாது. நான் விலக்குத் தாறன்" என்றார்.

"சுவாமி, நேர்த்தி வைச்சது மாதாவோட. உங்களோட இல்லையே" என்றா அம்மா.

அதற்குப் பிறகு மரக்கறி கொண்டுபோனா. கத்தரிக்காய், பருப்பு. அதை உண்டு காட்டுவதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் யூட் ஒவ்வொரு முறையும் மீன் கேட்டான். உள்ளே கொடுக்கிற சாப்பாட்டில் புழு பார்த்து ஒதுக்க வேண்டியிருக்கிறது என்றான். ஆள் கரைந்துகொண்டு போனான். நேர்த்தியைச் சொன்னால் அவன் செத்தாலும் மீன் கேட்கமாட்டான் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் அவனுக்கு ஒருவரும் சொல்லக்கூடாது என்று என்னையும் சின்னம்மாவையும் மடு மாதா அறியச் சத்தியம் பண்ணுவித்தா.

பிறகு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தா. அதை நாங்கள் ஒருவரும் அறியவில்லை.

4

யூட்டின் சட்டத்தரணி ஒரு நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வழக்கு விஷயம் எல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "தம்பி ஒண்டு கேட்டவர். அம்மாவுக்குத் தன்னோட கோபமோ எண்டு. வாறா, முன்னால நிக்கிறா, பார்த்துக்கொண்டே நிக்கிறாவாம். வாயே திறக்கிறா இல்லையாம். பெயர் குடுத்து எல்லாத்தையும் கெடுத்துப்போட்டன் எண்டு அம்மா நினைக்கிறாவோ எண்டு அவருக்குச் சரியான யோசனை."

நான் உடனே அம்மாவுக்கு எடுத்தேன். "என்னம்மா, அவனோட ஏன் கதைக்கிறியள் இல்லை?"

"என்னண்டு கதைக்கிறது பிள்ளை? வாய்க்குள்ள மீன் எல்லே."

இதுதான் அம்மா கண்டுபிடித்த வழி. காவலருக்கு முன்னால் மீன்துண்டை வாயில் போடுவா. மெல்லுவது போல அசைப்பா. விழுங்கமாட்டா. கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு உள்ளே போய், பத்து நிமிஷமும் வாயை இறுக மூடியபடி மகனைப் பார்த்துக்கொண்டு நின்று, வெளியே வந்து றோட்டோரத்தில் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பா. "நாக்கிலதானே பட்டது. தொண்டைக்குள்ள இறங்கேல்லை" என்றா. அதில் அவவுக்கு ஒரு சின்ன வெற்றி கூட இருந்தது.

இந்த இடத்தில் செறீன் என்னை நிறுத்தினாள். "அம்மம்மா கைலேஞ்சியை எடுத்து அதில் துப்பியிருக்கலாமே?"

கைலேஞ்சி, பை எல்லாம் வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்றேன்.

"சாறித் தலைப்பில்?"

இதை நானும் அன்றைக்கு அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். மேசையைத் தாண்டினால் நேரே கம்பிவலைதான், அந்தப் பக்கம் யூட் நின்றுகொண்டிருப்பான். "பிள்ளைக்குக் கொண்டுபோன சாப்பாட்டை அவனுக்கு முன்னால துப்புறதோ? பிறகு அவன் அதைத் தொடுவானோ?" என்றா அம்மா. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மாவோடா, மாதாவோடா, மேசையில் இருக்கிற அந்தக் காவலரோடா, தெரியவில்லை. சத்தியம் வேறு என் வாயையும் கட்டிப்போட்டிருந்தது. சட்டத்தரணியிடம், "அம்மாவுக்குப் பல்லு வருத்தம் எண்டு சொல்லுங்கோ. கோபம் ஒண்டும் இல்லை" என்றேன்.

அடுத்த முறை அவனிடமிருந்து செய்தி வந்தது. "அந்தப் பல்லைப் பிடுங்கச் சொல்லுங்கோ அக்கா."

5

ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் சிறையில் இருப்பவர்களுக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். வேலையில் லீவு எடுத்துக்கொண்டு போனேன். வழக்கைத் துரிதப்படுத்து, விடுதலை செய் என்று கோரிக்கைகள். எல்லாம் சரிதான். நான் எழும்பி, இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும் என்றேன். சாப்பாட்டைச் சோதிக்க வேறு வழி பாருங்கள், கொண்டுபோகிற தாய்மாரைத் தின்னப் பண்ணாதீர்கள், ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிறைக்கு மாற்றுங்கள், வலை இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்து கதைக்க விடுங்கள்.

தலைமை தாங்கிய தம்பி சிரித்தார். "அக்கா, நாங்கள் விடுதலை கேட்கிறம். நீங்கள் மீன்குழம்பு கேட்கிறியள்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் உட்காரவில்லை. "விடுதலை வருமட்டும் அவன் சாப்பிட வேணும் தம்பி. தாயோட ரெண்டு கதை கதைக்க வேணும். நீங்கள் கேட்கிறது வர எத்தினை வருஷம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பாவம் பார்த்துக் கடைசிக் கோரிக்கையாகச் சேர்த்தார்கள். அது நோர்வேஜிய மொழிக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது, 'உணவின் தரத்தை உயர்த்துக' என்று ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தோடு இங்கே கந்தோர் கந்தோராக அலைந்தேன். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கவனத்தில் எடுத்துள்ளோம் என்றார்கள். இந்த நாட்டில் கவனத்தில் எடுப்பது என்றால் அலுமாரியில் வைப்பது என்று அர்த்தம்.

தொழிற்சாலையில் என் முன்னால் ஓடுகிற பட்டியில் வரும் மீன்கள் எல்லாம் வாயைத் திறந்தபடி வரும். அவற்றின் நடுவே அம்மாவின் முகம் வாயை மூடியபடி வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். இப்போதும் வருகிறது.

6

நான் ஊருக்குப் போய் அம்மாவோடு சேர்ந்து அவனைப் பார்க்கப் போனேன். உடன்பிறந்தவள் என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், கிராமசேவகரின் கையெழுத்து எல்லாம் வேண்டியிருந்தது. அம்மா விளைமீன் குழம்பு வைத்தா. பஸ் முழுக்க மணந்தது.

மேசையில் இருந்த காவலர் நரைத்த மீசைக்காரர். சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கர், கழுத்தில் செபமாலை தெரிந்தது, தமிழும் ஓரளவு வரும். இன்றைக்கு நான் சாப்பிடுகிறேன் என்று கையைக் காட்டினேன். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழம்புக்குள் இருந்து ஒரு துண்டைத் தானே காட்டினார். தின்றேன்.

"வாயை தொற" என்றார்.

திறந்தேன். நாக்கைத் தூக்கினேன். ஒரு மாட்டைச் சந்தையில் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். அம்மா இதிலிருந்து எப்படித் தப்பினா என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது. பக்கத்தில் அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. கேட்க நேரமில்லை, உள்ளே தள்ளிவிட்டார்கள்.

வலைக்கு அந்தப் பக்கம் யூட். தாடையெலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, பிறகு பயந்து பயந்து அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் வாய் அன்றைக்குத்தான் வெறுமையாக இருந்தது. எவ்வளவு காலத்துக் கதை உள்ளே இருந்திருக்கும்! அவவோ உதட்டை நனைத்து நனைத்து வலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

"போன முறை குழம்புக்கு உப்புக் காணுமோ தம்பி?"

"காணும் அம்மா. அளவாயிருந்தது."

அவன் அழுதான். அம்மா பிறகு வாய் ஓயாமல் கதைத்தா. ஆடு குட்டி போட்டது, வீட்டுக்குக் கூரை வந்தது, படி கட்டியது. படியைப் பற்றி அதிகம் சொன்னா, ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. மணி அடித்து எங்களை வெளியே அனுப்பும்போது, "பல்லு சுகமோ அம்மா?" என்று அவன் கத்திக் கேட்டான். "ஓம் ராசா, ஓம்" என்றா.

நான் திரும்பி நோர்வேக்கு வந்துவிட்டேன். அம்மா மறுபடியும் தனியே போகத் தொடங்கினா. மறுபடியும் வாய் மூடிக்கொண்டது.

7

அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் ஊருக்குப் போனபோது, யூட்டையும் கொண்டுவருவதற்குச் சட்டத்தரணி அனுமதி எடுத்திருந்தார். சிறை வாகனம் வந்து நின்றது. கைவிலங்கோடு இறங்கினான். இரண்டு பக்கமும் காவலர்கள், அதில் ஒருவர் அந்த நரைத்த மீசைக்காரர். விலங்கைக் கழற்றுங்கள் என்று சுவாமியார் கேட்டார். அனுமதி இல்லை என்றார்கள். அம்மாவின் முகத்தை அவன் இரண்டு கையாலும் சேர்த்துத்தான் தொட முடியும்.

அவன் படியில் கால் வைத்தான். அந்த நேரம் பார்த்து, பெட்டியின் தலைமாட்டில் இருந்த சின்னம்மா மார்பில் அடித்துக்கொண்டு எழும்பினா.

"படி மிதிச்சிட்டானடி அக்கா! உன்ர பிள்ளை படி மிதிச்சிட்டான்! இனி மீன் தின்னடி, எழும்படி! வாய்க்குள்ள வைச்சு வைச்சுத் துப்பினியே, இனி விழுங்கடி என்ர அக்கா!"

சின்னம்மாவைக் குறை சொல்ல ஏலாது. ஒப்பாரிக்கு எந்தச் சத்தியமும் பூட்டுப் போடாது. யூட் படியிலேயே நின்றுவிட்டான். சின்னம்மா நேர்த்தியைச் சொன்னா, மீனைச் சொன்னா, வாய் மூடி நின்ற ஒவ்வொரு பயணத்தையும் சொல்லிச் சொல்லி அழுதா. அவன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"பல்லு வருத்தம் எண்டியள் அக்கா."

பிறகு அவன் உள்ளே போய் முழந்தாளிட்டு, விலங்கோடு சேர்ந்த இரண்டு கையாலும் அம்மாவின் மூடிய வாயைத் தடவிக்கொண்டே இருந்தான். நேரம் முடிந்தது என்று சொல்லுமட்டும் அதைத்தான் செய்தான்.

நரைத்த மீசைக்காரர் முற்றத்துக் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"அம்மா முழுங்கல்ல எண்டு எனக்கு தெரியும். முதல் நாளே தெரியும். அம்மா வாற நாள் எல்லாம் மேசையில நான்தான். நான் வாயை தொறக்க சொல்ல இல்ல. ஒருக்காவும் சொல்ல இல்ல."

எல்லோரையும் திறக்கச் சொன்னவர், என்னையும் திறக்கச் சொன்னவர், அம்மாவை மட்டும் விட்டிருக்கிறார். அது அவருடைய இரக்கம். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போலவும் எனக்கு இருந்தது, அவருடைய சட்டையைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது.

"தெரிஞ்சால், துப்பிப்போட்டுப் போங்கோ எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாத்தையா? அவ பிள்ளையோட கதைச்சிருப்பாவே."

"துப்ப சொன்னா, நான் கண்டது ஆகும். கண்டா சாப்பாடு உள்ளே விட ஏலாது. அதுதான் சட்டம்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா கதைக்காம நிண்டது எனக்கு தெரியாது, மிஸ். நான் மேசையில. உள்ளே நான் பாக்குறது இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் விடாமல் பிடித்திருக்கிறது. நல்ல மனுஷன் ஒருவர் தன்னால் முடிந்த இரக்கம் அத்தனையையும் காட்டினார். அந்த இரக்கம் என் அம்மாவின் வாயை மூடியது. சிறையில் கொடுமைக்காரர்களை மாற்றினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். நல்லவர்களை நல்லவர்களாக இருக்க விடாத சட்டத்தையும் மாற்ற வேண்டும். தண்டனை கொடுக்கிற வேலை நீதிமன்றத்தோடு முடிய வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்துத் தாய்க்கு இன்னொரு தண்டனை கொடுக்கக்கூடாது.

8

நோர்வேக்குத் திரும்ப முதல் நான் மட்டும் தனியே அவனைப் பார்க்கப் போனேன். சின்னம்மா விளைமீன் பொரித்துத் தந்திருந்தா. மேசையில் வேறொரு இளம் காவலர். தின்றேன், விழுங்கினேன், வாயைத் திறந்தேன், நாக்கைத் தூக்கினேன். பார்சலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

யூட் பார்சலைப் பார்த்தான். மணத்திலேயே தெரிந்திருக்கும்.

"இனி மீன் கொண்டுவராதேங்கோ அக்கா."

"ஏன் ராசா, இவ்வளவு தூரம் கொண்டுவந்..."

"வேண்டாம். எனக்கு மீன் வேண்டாம்." வலையில் நெற்றியை வைத்துக்கொண்டான். "நீங்கள் கதையுங்கோ. என்னவெண்டாலும் கதையுங்கோ. வாயைத் திறந்து கதையுங்கோ அக்கா."

நான் கதைத்தேன். இங்கே கொட்டுகிற பனியை, தொழிற்சாலைப் பட்டியை, தமிழில் கேட்டால் நோர்வேஜியத்தில் பதில் சொல்லும் செறீனை, காரணமில்லாமல் குரைக்கிற பக்கத்து வீட்டு நாயை. மணி அடித்த பிறகும், காவலர் தோளைப் பிடித்து இழுத்த பிறகும், வாசலைத் தாண்டும் வரைக்கும் திரும்பித் திரும்பிக் கத்திக் கதைத்துக்கொண்டே போனேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றான்.